"உங்க வேதனை புரியுது" என்றால் ஏன் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுகிறார்?

டிக்கோயா இளவேனில்:

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் இளைஞர் குழுக்களுக்கு ஒருநாள் பயிற்சி ஒன்று தயாராகிறது. மண்சரிவு முகாம், எழவு வீடு, ஆஸ்பத்திரி வாட்டு, இந்த மூன்று இடங்களிலும் துயரத்தில் இருப்பவரோடு எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

கையில் இருக்கும் கைநூல் முழுக்க "நீங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது" மாதிரி வசனங்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யார் இப்படிப் பேசுகிறார்கள்? பேச்சுக்கு மாற்றி "உங்க வேதனை எனக்குப் புரியுது" என்று சொல்லிப் பார்த்தாலும், எதிரில் இருப்பவர் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

மூன்று விஷயம் தெரியவேண்டும். இன்னொருவருடைய நோவை அறிய முடியுமா, முடியாதென்றால் அந்த வசனம் பொய்தானா? நம்ம பேச்சில் ஒத்துணர்வு எந்த இடத்தில் வெளிப்படுகிறது? "எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு" என்று சொல்லலாமா? கூடாது என்கிறது கைநூல். ஆனால் எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் நம்ம பெண்கள் அதைத்தானே செய்கிறார்கள்?

---

கண்டி மெய்ப்பாடு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டையும் களத்தில் இருப்பவர்கள் சொல்வதுதான் சரி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தியோடர் லிப்ஸ் என்ற தத்துவவாதி ஒரு கருத்தைச் சொன்னார். கம்பியில் நடக்கும் வித்தைக்காரரைப் பார்க்கும்போது பார்ப்பவர் அவரோடு ஒன்றாகிவிடுகிறார் என்றார். தத்துவவாதி ஹுசெர்லிடம் ஆய்வு செய்த எடித் ஸ்டைன் இதை மறுத்தார். 1917இல் அச்சான அவருடைய ஆய்வேடு முழுக்க இந்த ஒரே பிரச்சினைதான். நாம் வித்தைக்காரருக்குள் போய்விடுவதில்லை, அவருடைய அசைவுக்குப் பக்கத்திலேயே போகிறோம், அந்த அனுபவத்தின் சொந்தக்காரர் கடைசிவரை அவர்தான் என்பது ஸ்டைனின் வாதம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் உங்கள் பயிற்சிக்கு அப்படியே பொருந்தும். ஒரு நண்பர் வந்து, சகோதரன் இறந்துவிட்டான் என்கிறார். அவருடைய துக்கம் எனக்குத் தெரிகிறது. அது என் ஊகமும் அல்ல, என் சொந்தத் துக்கமும் அல்ல. இன்னொருவருடையது என்ற அடையாளத்தோடேயே அது என்னிடம் வருகிறது.

ஆகவே அறிய முடியும். ஆனால் அது அவருடையதாகவே இருக்கும். "எனக்குப் புரியுது" என்று முடித்துவிட்டால் அந்த அடையாளம் அழிந்துபோகிறது. எனக்குப் புரிந்துவிட்டது, இனி நீங்கள் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது கேள்விக்கும் இதில் ஒரு திறப்பு உண்டு. ஆடம் ஸ்மித் 1759இல் எழுதிய அறநூலின் கடைசிப் பகுதியில், ஒரே மகனை இழந்தவருக்கு ஆறுதல் சொல்வதைப் பற்றிப் பேசுகிறார். எனக்கொரு மகன் இருந்து அவன் இறந்தால் நான் என்ன பாடுபடுவேன் என்று நினைத்தால் போதாது, நான் நீயாகவே இருந்தால் என்ன பாடுபடுவேன் என்று நினைக்கவேண்டும் என்கிறார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் முதலாவதில் என் குணம், என் வயது, என் வாழ்க்கை எல்லாம் அப்படியே இருக்கிறது, மகன் மட்டும்தான் இரவல்.

பயிற்சியைத் தொடங்க ஒரு குறள் வேண்டுமென்றால் 315ஐ எடுங்கள்: "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை." அந்தப் 'போல்' முக்கியம். மனநல ஆலோசனையில் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வைத்த நிபந்தனையும் அதுவே. மற்றவரின் உலகத்தைத் தன்னுடையது 'போல' உணரவேண்டும், அந்தப் 'போல'வை ஒருபோதும் கைவிடக் கூடாது. கைவிட்டால் உதவப் போனவரும் சேர்ந்து மூழ்குவார்.

---

இஸ்தோப்பு வாசகி:

இரண்டாவது கேள்விக்கு. நம்ம பேச்சில் ஒத்துணர்வு பெரிய சொற்களில் உட்கார்ந்திருப்பதில்லை. வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பயிற்சியில் வேறு எதைக் குறைத்தாலும் இதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள்.

ஒரே செய்தியை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள்:

"ராத்திரி தூங்கலையா?" இது தகவல் கேட்கிறது. ஆம், இல்லை என்று பதில் வரும், அதோடு முடியும்.

"ராத்திரி தூங்கலைதானே?" பதிலை நீங்களே வைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள். ஒத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

"ராத்திரி தூங்கலையோ?" இந்த 'ஓ' நான் நினைக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம் என்கிறது. அவர் திருத்தலாம். "தூங்குனேன், விடியக்கால எழும்பினப்பதான் ஞாபகம் வந்துச்சு" என்று அவர் திருத்தும் அந்த இடத்தில்தான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும்.

"ராத்திரி பூரா முழிச்சே இருந்தீங்களே." இது கேள்வியே இல்லை. நான் பார்த்தேன் என்று சொல்கிறது. கண்ணால் கண்டதற்கு மட்டும் இந்த 'ஏ'யை வைக்கலாம். காணாததற்கு வைத்தால் நடிப்பாகத் தெரிந்துவிடும்.

"மனசு பாரமா இருக்கும் போல" என்பதும் 'ஓ' மாதிரித்தான், இன்னும் மெதுவாகத் தட்டும். இளைஞர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, "புரியுது" என்ற சொல்லே இல்லாமல், 'ஓ'வும் 'போல'வும் மட்டும் வைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். சொன்னதைத் திருத்துவதற்கு இடம் கிடைத்ததா என்று எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்த ஒன்றைத்தான் பார்க்கவேண்டும், எவ்வளவு இனிமையாகப் பேசினார் என்பதற்குப் புள்ளி போட வேண்டாம்.

அடுத்தது வினையின் வாலில் வரும் 'ஆம்'. குடும்பத்துக்கு முன்னாலேயே நின்று கிராம சேவகரிடம் "இவங்க காம்பரா (லயத்து அறை) முழுசா போயிருச்சாம்" என்று சொல்வார்கள். சொல்பவருக்குச் சாதாரணம். கேட்கும் குடும்பத்துக்கு, இவர்கள் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று படும். பார்த்திருந்தால் "போயிருச்சு" என்று சொல்லவேண்டும். பார்க்கவில்லையென்றால் "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று பேச்சை அவரிடம் கொடுத்துவிடவேண்டும்.

'நாம'வும் 'நாங்க'வும் கவனம். "நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் அவர் வெளியே நிற்கிறார். "நாம பார்த்துக்கலாம்" என்றால் உள்ளே வருகிறார். ஆனால் கூட நிற்க முடியாத விஷயத்தில் 'நாம' போடுவது ஏமாற்று. வீடு கட்டித் தருவது உங்கள் கையில் இல்லை, அங்கே "நாம வாங்கிடலாம்" என்று சொல்லக்கூடாது. படிவம் நிரப்புவது உங்கள் கையில் இருக்கிறது, அங்கே தாராளமாகச் சொல்லலாம். வடக்கிலிருந்து வரும் தொண்டர்கள் பேச்சில் இரண்டுக்கும் பெரும்பாலும் 'நாங்கள்' என்றே வரும். அவர்கள் நம்மை ஒதுக்கவில்லை, பேச்சு வழக்கு அது என்று நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

விளிப்பும் இதில் சேர்ந்ததுதான். கூடை தூக்கும் கைகளைக் கண்டவுடன் "இந்தா, நீ இங்க வா" என்று கூப்பிடும் பழக்கம் அலுவலகங்களில் இன்னும் சாகவில்லை. அறுபது வயது அம்மாவை 'நீ' என்று கூப்பிட்டபிறகு எவ்வளவு பரிவாகப் பேசினாலும் அது ஒட்டாது. வயதைப் பார்த்து அம்மாயி, சின்னம்மா, மாமா, அண்ணே. உறவுமுறை தெரியாத இடத்தில் 'அம்மா', 'ஐயா', அதோடு 'நீங்க'. பெயர் தெரிந்தால் பெயரோடு முறையும் சேர்த்து.

---

ஊவாக்காற்று:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சொல்லைத் திருத்துவதற்கு முன்னால், அவர் எதற்காக அழுகிறார் என்பதைச் சரியாகப் பிடிக்கவேண்டும். இதற்கு வெளிநாட்டு அட்டவணை எதுவும் தேவையில்லை. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முகாமில் வேலை செய்ய இதைவிடக் கையடக்கமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இழவு என்பது ஆளை, உடைமையை இழந்தது. இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. இறந்தவரின் பெயரைக் கேளுங்கள், பிறகு அந்தப் பெயரையே சொல்லுங்கள். "உங்க மகன்" என்பதைவிடப் பெயர் நல்லது. முக்கியமான ஒன்று, காலம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் குடும்பம் "இருக்காரு" என்று பேசினால் நீங்களும் "இருக்காரு". அவர்கள் "இருந்தாரு" என்று மாறும் வரைக்கும் நீங்கள் மாறக்கூடாது. நீங்கள் முந்திக்கொண்டு இறந்தகாலத்தில் பேசினால், கொல்லாத ஆளைக் கொன்றமாதிரி ஆகும். பொய்யான நம்பிக்கையும் வேண்டாம், "கெடச்சிருவாரு" என்று சொல்லாதீர்கள். "தேடிக்கிட்டுதான் இருக்காங்க" என்பது உண்மையாக இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்.

இளிவு என்பது மற்றவர் முன்னால் சிறுமைப்பட்டது. முகாமில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றபோது யாரோ "ரெண்டு தரம் வாங்குறியா" என்று கத்தியிருப்பார்கள். பின்னேரம் ஒரு அம்மா அழுதுகொண்டிருப்பார். தொண்டர் போய் வீடு போனதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். ஒட்டாது. இங்கே தேவைப்படுவது "அப்படிப் பேசினது சரியில்லம்மா" என்ற ஒரு வசனமும், உட்கார ஒரு கதிரையும், அடுத்தமுறை பார்சல் அவர் இருக்கும் இடத்துக்கு வருவதும்தான்.

அசைவு என்பது முந்தைய நிலை கெட்டது. திருவிழாவில் காப்புக் கட்டி முன்னால் நின்ற பெரியவர் இப்போது பாடசாலை மண்டபத்தில் பாய்க்குக் காத்திருக்கிறார். அவரிடம் "கவலப்படாதீங்க தாத்தா" என்பது நிலைமையை மோசமாக்கும். "தாத்தா, இந்த லயத்து ஆளுங்க பேரெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், பட்டியலைக் கொஞ்சம் சரிபார்த்துக் குடுங்க" என்றால் பேசுவார்.

வறுமைக்குச் சொல் மருந்தில்லை. பெரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகவில்லையென்றால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளத்தில் வெட்டு. அந்த யோசனையில் இருப்பவரிடம் மனசைப் பற்றிக் கேட்பது அநியாயம். எந்தக் கடிதம் தோட்டத்துக்கு, எந்தப் படிவம் பிரதேச செயலகத்துக்கு என்று காட்டிவிடுங்கள். ஒத்துணர்வு அங்கே படிவத்தின் வடிவத்தில்தான் வரும்.

நான்கும் கலந்தும் வரும். எது மேலே நிற்கிறது என்று தெரியாவிட்டால், "இப்ப எது ரொம்ப உறுத்துது?" என்ற ஒரே கேள்வி. கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். புதியவர்கள் மூன்றாவது எண்ணிலேயே மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார்கள். பயிற்சி தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

உலக சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் பார், கேள், இணை என்று மூன்று படி சொல்கிறது. நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் அழுத்திச் சொல்கிறது. "எப்பிடி நடந்துச்சு, முழுசா சொல்லுங்க" என்பது பத்திரிகைக்காரர் கேள்வி, தொண்டருடையது அல்ல.

---

டிக்கோயா இளவேனில்:

நன்றி. இளிவையும் இழவையும் பிரித்துக் காட்டியது கண்ணைத் திறந்தது, பயிற்சியின் நடுப்பகுதியே இனி இதுதான். மூன்றாவது கேள்வி மட்டும் நிற்கிறது. ஆஸ்பத்திரி வாட்டைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். அங்கே டொக்டர் சிங்களத்தில் கேட்பார், நம்ம பிள்ளைகள்தான் நடுவில் நின்று சொல்வார்கள்.

---

இஸ்தோப்பு வாசகி:

மூன்றாவதற்கு. "எனக்கும் இப்படித்தான்" என்பது உரையாடலில் கெடுதல் செய்வதற்குக் காரணம், உரையாடலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். நீங்கள் உங்கள் கதையை ஆரம்பித்த கணத்தில் அவருடைய முறை பறிபோகிறது. மரியாதைக்கு அவர் உங்களைக் கேட்க வேண்டியதாகிவிடும். துக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லும் நிலைமை வரும்.

ஒப்பாரியில் அந்த விதி இல்லை. தப்பு மேளச் சத்தம் கேட்டு மேல் லயத்திலிருந்து வரும் பெண், செத்தவரை ஒரு வரி பாடிவிட்டு, என்றோ செத்த தன் தாயை அடுத்த வரியில் பாடுவார். வீட்டுக்காரப் பெண் அதே நேரத்தில் தன் புருஷனைப் பாடிக்கொண்டிருப்பார். இரண்டு குரலும் சேர்ந்தே போகும். யாரும் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை. ஒருவருடைய துக்கம் இன்னொருவருடையதைத் தள்ளிவிடாமல் பக்கத்தில் நிற்கிறது. மெய்ப்பாடு சேர் எடுத்துக்காட்டிய ஸ்டைனின் கருத்துக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

அதனால் விதி இப்படி: வட்டத்தில் உட்கார்ந்து அழும்போது உங்கள் துக்கத்தையும் கொண்டுபோகலாம். கதிரையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது கொண்டுபோகக் கூடாது. அவரே "ஒங்களுக்கும் அப்பா இல்லைல்ல?" என்று கேட்டால் இரண்டு வசனம் போதும், மூன்றாவது வசனம் மறுபடி அவரைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

ஒப்பாரி வைக்காத பெண்ணை "அழுதுரு, அழுதாத்தான் பாரம் கொறையும்" என்று நெருக்குவதும் வேண்டாம். கூட்டம் கலைந்தபிறகு அழுபவர்கள் நிறையப்பேர்.

---

பதுளை துபாஷி:

வாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

நிற்கும் இடம் முதலில். டொக்டருக்குப் பக்கத்தில் நின்றால் டொக்டரின் ஆள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் நோயாளியின் ஆள். நோயாளியின் தலைமாட்டில், கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கள். டொக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசவேண்டும். நோயாளி உங்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தப்பு.

பேசுவது தன்மையில். அவர் "எனக்கு வலிக்குது" என்றால் சிங்களத்திலும் "மட்ட ரிதெனவா". "ரிதெனவலு" என்று சொல்லாதீர்கள். நம்ம 'ஆம்' செய்யும் அதே வேலையைச் சிங்களத்தில் அந்த 'லு' செய்யும், கேட்பவருக்கு நோயாளி மேல் சந்தேகத்தை விதைக்கும்.

உடம்பு வழக்குகளில்தான் அதிகம் பிழை நடக்கிறது. "வயிறு எரியுது" என்று ஒரு தாய் சொன்னால் அது அமிலமாகவும் இருக்கலாம், பிள்ளைக்கு நடந்த அநியாயத்தின் ஆற்றாமையாகவும் இருக்கலாம். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தால் ஒன்று மாத்திரையோடு முடியும், மற்றது மனநோய் என்று எழுதப்படும். திருப்பிக் கேளுங்கள்: "சாப்பிட்டப்புறம் எரியுதா, இல்ல நெனைக்கிறப்ப எரியுதா?" கேட்டதை டொக்டரிடமும் சொல்லிவிடுங்கள், இவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிப்பார்கள் என்று.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எழவு வீட்டில் ஒருவர் "நெஞ்சடைக்குது" என்றால் துக்கம் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். வியர்வை, மூச்சு முட்டல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். பாதை ஏறாத மேல் டிவிஷன் என்றால் ஆளை எந்தச் சந்திவரை தூக்கிவர வேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் சுற்றிவளைக்க வேண்டாம். "அப்பா தூங்குறாரு" என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காரு" என்றால் வாசலிலேயே காத்திருக்கும். "அப்பா செத்துப்போயிட்டாரு. இனி அவரால எழும்ப முடியாது. நீ செஞ்ச எதனாலயும் இல்ல." இதை அந்தப் பிள்ளை நம்பும் ஒருவர் சொல்லவேண்டும், தொண்டர் பக்கத்தில் இருந்தால் போதும்.

---

கண்டி மெய்ப்பாடு:

ஒரு எச்சரிக்கை. உளவியலாளர் போல் புளூம் 2016இல் ஒத்துணர்வுக்கு எதிராகவே ஒரு நூல் எழுதினார். நம்மைப் போன்றவரிடமும் கண்ணுக்கு முன்னால் இருப்பவரிடமும்தான் அது சாயும் என்பது அவர் குற்றச்சாட்டு. முழுக்க ஏற்கவேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் இது நடப்பதைப் பார்க்கலாம். தொண்டர் எந்த லயத்துக்காரரோ அந்த லயத்தில்தான் அதிக நேரம் உட்காருவார். சொந்தமும் சாதியும் யூனியனும் பேசாமல் வேலை செய்யும். ஆகவே யார் எந்தக் குடும்பத்திடம் போவது என்பதை மனசுக்கு விடாமல் பட்டியலுக்கு விடுங்கள். காம்பரா வரிசையில் முதல் கதவிலிருந்து தொங்கல் வரை. இரண்டாம் நாள் தொங்கலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

---

இஸ்தோப்பு வாசகி:

அந்தப் பட்டியலோடு இதையும் சேருங்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. காம்பராவுக்குள் பேசுவது பக்கத்துக்குக் கேட்கும். கடன், புருஷன் அடித்தது, மகள் விஷயம் இதெல்லாம் வாயில் வரும்போது "வாங்கக்கா, பைப்படி வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று எழுப்பிக் கூட்டிப்போகவேண்டும். பீலிக்கரையில் ஆள் இருந்தால் தேயிலை மலை ரோட்டுப் பக்கம்.

---

டிக்கோயா இளவேனில்:

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பேச்சின் நடுவில் "இனி இருந்து என்ன பண்ண" என்று வந்தால்?

---

ஊவாக்காற்று:

நேராகக் கேளுங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" இந்த ஓர் இடத்தில் 'ஓ'வும் 'போல'வும் வேண்டாம், 'ஆ'தான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றாலும் அன்றைக்கே இன்னொருமுறை போய்ப் பாருங்கள். ஆம் என்றால் தனியே விடக்கூடாது. எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல், கயிறு, மாத்திரை எதுவானாலும் வீட்டாரிடம் சொல்லி எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு உதவக்கூடிய ஒருத்தருக்கு மட்டும் சொல்லுவேன், யாருக்குச் சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் போனிலிருந்தே எடுத்து, பேச்சு ஆரம்பித்தபிறகு போனை அவர் கையில் கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.